குற்றத்தில் தங்கிவிடும் நடத்தை: கிரிமினல் புரொஃபைலர் வேலைக்கு ஓர் எளிய அறிமுகம்

மதுரையில் உளவியல் படிக்கச் சேரும் பிள்ளைகளில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது, வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே என்னிடம் வந்து, "சார், கிரிமினல் புரொஃபைலர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். திரையில் பார்த்த ஒருவரை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கொலை நடந்த அறைக்குள் நுழைந்து, சிறிது நேரம் கண்ணை மூடி நின்று, கொலையாளியின் வயதையும் அவனுடைய பிள்ளைப் பருவத்தையும் சொல்லிவிடுகிற மனிதர் அவர். அப்படி ஒருவர் எந்த நாட்டுக் காவல்துறையிலும் இல்லை. ஆனால் அந்தப் பெயரால் அழைக்கப்படும் வேலை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது பொறுமையும் படிப்பும் கோரும் வேலை. தவறாகச் செய்தால் உயிர்களைக் காவு வாங்கக்கூடிய வேலையும்கூட. அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒரே வரியில் பதில் சொல்வதில்லை.

ஒரு வன்முறைக் குற்றம் நடந்த இடத்தில் இரண்டு வகைத் தடயங்கள் இருக்கின்றன. ரத்தக்கறை, கைரேகை, முடி, காலடி போன்றவை முதல் வகை. அவற்றைத் தடய அறிவியல் துறையினர் சேகரித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். செய்தவன் எடுத்த முடிவுகள் இரண்டாம் வகை. யாரைத் தேர்ந்தான், எந்த நேரத்தில் வந்தான், எந்த வழியாக நுழைந்தான், ஆயுதம் கொண்டுவந்தானா அல்லது அங்கே கிடந்ததை எடுத்தானா, காரியம் முடிந்தபின் எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தான், எதை எடுத்துப்போனான், எடுத்திருக்கக்கூடிய எதைத் தொடாமல் விட்டான் என்பவையெல்லாம் அந்த முடிவுகள். இவற்றைக் கவனமாகப் படித்து, இதைச் செய்தவர் எப்படிப்பட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அதிகாரிக்கு எழுதித் தரப்படும் குறிப்புக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். அதில் ஆளின் பெயர் இருக்காது. தேட வேண்டியவர்களின் பட்டியலைச் சுருக்குவதும், அந்தப் பட்டியலில் யாரை முதலில் விசாரிக்கலாம் என்று வரிசைப்படுத்துவதுமே அதன் பயன்.

இந்தச் சிந்தனை நம் காவல் நிலையங்களுக்குப் புதியதன்று. ஒரு வீடு உடைக்கப்பட்டால், ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறானா, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு, "இது இன்னான் எம்.ஓ. மாதிரி இருக்கு" என்று சொல்லும் பழைய ஏட்டையாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. எம்.ஓ. என்பது ஒருவர் குற்றத்தைச் செய்து முடிப்பதற்குக் கையாளும் முறை. புரொஃபைலர் அதோடு நிறுத்தாமல், காரியம் முடிவதற்குத் தேவையே இல்லாமல் அவர் செய்த செயல்களையும் தேடுகிறார். இந்த இரண்டாவதைத் துறையினர் 'முத்திரை' என்கிறார்கள். எம்.ஓ. அனுபவத்தால் மாறும், முத்திரை உள்ளே இருக்கும் ஒரு தேவையிலிருந்து வருவதால் அவ்வளவு எளிதில் மாறாது என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்து. அதற்கு எல்லா வழக்கிலும் சம பலம் கிடையாது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

முழுக்கவும் கற்பனையான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பாலமேட்டுப் பக்கம் ஊரைவிட்டுத் தள்ளித் தென்னந்தோப்புகளுக்குள் இருக்கும் மூன்று தோட்டத்து வீடுகளில், நான்கு மாதத்துக்குள் மூன்று மூதாட்டிகள் தாக்கப்படுகிறார்கள், மூன்றாமவர் இறந்துவிடுகிறார். மூன்று முறையும் வீட்டு ஆண்கள் கிணற்றடியில் இருக்கிறார்கள், ஏனென்றால் அந்தந்த வாரம் மும்முனை மின்சாரம் இரவு முறையில் வருகிறது, மோட்டார் போட அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். தாக்கியவன் கையில் ஆயுதம் இல்லாமல் வந்து, முதல் வீட்டில் உலக்கையையும், அடுத்ததில் மண்வெட்டிக் கணையையும், மூன்றாவதில் விறகுக் கட்டையையும் எடுத்திருக்கிறான். முதல் இரவில் விளக்கு எரிந்தபடி இருந்தது. இரண்டாம் இரவில் பல்பை உடைத்தான். மூன்றாம் இரவில் சத்தமில்லாமல் பியூஸைப் பிடுங்கினான். காதில் கிடந்த நகையை மட்டும் எடுத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியைத் தொடாமல் விட்டிருக்கிறான். போகும்போது மூன்று பேரின் முகத்தையும் அவர்கள் சேலைத் தலைப்பாலேயே மூடியிருக்கிறான்.

இதைப் படிக்கும் புதிய மாணவர் முதலில் முகம் மூடப்பட்டதைத்தான் பிடித்துக்கொள்வார். குற்ற உணர்ச்சி, தாயைப் பற்றிய ஏதோ ஒரு காயம் என்று கதை விரியத் தொடங்கும். நான் அங்கேயே நிறுத்தச் சொல்வேன். முகத்தை மூடியது வெட்கத்தாலும் இருக்கலாம், பலியானவருக்கு அவனை அடையாளம் தெரியும் என்பதாலும் இருக்கலாம், முனகல் வெளியே கேட்காமல் இருப்பதற்காகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வேறு ஆட்கள் பொருந்துவார்கள். எது என்று தீர்மானிக்கப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும்: துணி மூடப்பட்டது உயிர் இருக்கும்போதா, பிரிந்த பிறகா? பிழைத்த இரு பெண்களின் வாக்குமூலமும் வேண்டும். அவை வரும்வரை அதை ஒரு கேள்வியாகத்தான் எழுத வேண்டும்.

மின்சார நேரத்தை அவன் அறிந்திருந்தான் என்பது அப்படியல்ல. அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. இரவு முறை, பகல் முறை எந்த வாரம் மாறுகிறது என்பது மதுரை டவுனில் இருப்பவருக்குத் தெரியாது; அதே மின்பாதையில் நிலம் வைத்திருப்பவர், அங்கே கூலி வேலை பார்ப்பவர், மோட்டார் பழுது பார்ப்பவர், தேங்காய் வெட்டப் போகிறவர் ஆகியோருக்குத் தெரியும். எனவே, "இப்பகுதியில் வசிப்பவர் அல்லது தொழில் காரணமாக அடிக்கடி வந்துபோகிறவர்; ஆதாரம்: மூன்று இரவுகளும் மின்முறை அட்டவணையோடு ஒத்துப்போவது; உறுதி: ஓரளவு அதிகம்; சரிபார்க்க: மின்வாரிய அலுவலகத்தில் அந்த மாதங்களின் அட்டவணையைப் பெறவும்" என்று ஒரு வரி எழுதலாம். நல்ல புரொஃபைலில் ஒவ்வொரு வரியும் இப்படித்தான் இருக்கும்: ஒரு கூற்று, அதன் ஆதாரம், உறுதியின் அளவு, அதைப் பொய்யென்று காட்டக்கூடிய வழி. கடைசியாகச் சொன்னது இல்லாத எந்த வரியும் ஜோசியம்தான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கு இல்லை.

விளக்கைக் கையாண்ட விதம் மூன்று இரவுகளில் மாறியிருப்பது எம்.ஓ. தேர்ச்சி அடைவதைக் காட்டுகிறது; அதை வைத்து மூன்றும் வேறு வேறு ஆட்களின் வேலை என்று பிரித்துவிடக் கூடாது. சாவியைத் தொடாதது, நகை மட்டுமே நோக்கமா என்ற ஐயத்தை எழுப்புகிறது. கிணற்றடியிலிருந்து ஆண்கள் திரும்புவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் அதைவிட எளிய விளக்கம். இதற்கிடையில் அந்த மூன்று பெண்களின் அன்றாடமும் விசாரிக்கப்பட வேண்டும். பால் எடுக்க யார் வருகிறார், முதியோர் உதவித்தொகையை யார் கொண்டுவந்து தருகிறார், குழுக் கடன் வசூலுக்கு யார் வருகிறார் என்ற பட்டியல்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றிலும் வரும் பெயர்கள் சிலவே இருக்கும். பலியானவரைப் பற்றி இப்படி அறிவதைத்தான் தொடக்கத்தில் இருப்பவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துகிறார்கள். குற்றவாளியின் மனம் அவர்களை இழுக்கிறது. அந்த மூதாட்டியின் ஒருநாள் எப்படிக் கழிந்தது என்பதில் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடத்தை வைத்துக் கணக்கிடும் தனிக் கிளை ஒன்றும் உண்டு. கனடாவின் வான்கூவர் காவல்துறையில் இருந்த கிம் ரோஸ்மோ 1995-ல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை முறைப்படுத்தினார். தொடர் குற்றம் செய்பவர் தமக்குப் பழகிய பாதைகளின் ஓரத்தில்தான் செய்வார், தூரம் கூடக்கூட வாய்ப்பு குறையும், ஆனால் சொந்த வீட்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி விடுவார் என்பது அதன் சாரம். அந்தக் கணக்குக்குப் பொதுவாக ஐந்து இடங்களாவது தேவை என்பதால், நம் கற்பனை வழக்கின் மூன்று இடங்கள் போதா. அதோடு, நம் கிராமப்புறத்தில் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் ஏமாந்துபோவோம். தார்ச்சாலையில் ஆறு கிலோமீட்டர் சுற்ற வேண்டிய தோட்டம், கண்மாய்க்கரை வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

இத்துறை வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1888-ல் லண்டனில் பெண்களைத் தொடர்ந்து கொன்ற, கடைசிவரை பிடிபடாத 'ஜாக் தி ரிப்பர்' பற்றி, தாமஸ் பாண்ட் என்ற காவல்துறை மருத்துவர் காயங்களை ஆராய்ந்து, கொலையாளிக்குக் கசாப்புக்காரருக்கு உள்ள உடற்கூற்று அறிவுகூட இல்லை, வெளிப்பார்வைக்கு அமைதியான மனிதராகவே தெரிவார் என்று எழுதிக் கொடுத்தார். 1956-ல் நியூயார்க்கில் 16 ஆண்டுகளாகப் பொது இடங்களில் குண்டு வைத்துவந்தவரைப் பற்றி ஜேம்ஸ் பிரஸல் என்ற மனநல மருத்துவர் தந்த வருணனை பெரும்புகழ் பெற்றது. ஆனால் ஆளைக் கண்டுபிடித்தது, மின்சார நிறுவனத்தின் பழைய ஊழியர் கோப்புகளை உட்கார்ந்து புரட்டிய ஆலிஸ் கெல்லி என்ற பெண் எழுத்தர். அந்தப் பெயரையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1972-ல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கியது. அதைச் சேர்ந்த ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் ஆகியோர், செவிலியர் கல்வித் துறைப் பேராசிரியரான ஆன் பர்ஜஸுடன் சேர்ந்து, சிறையில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளின் நேர்காணல்களைத் தொகுத்தார்கள். குற்றக் காட்சிகளை 'ஒழுங்குபட்டவை', 'ஒழுங்கற்றவை' என்று இரண்டாகப் பிரிக்கும் புகழ்பெற்ற வகைப்பாடு அந்தப் பணியோடு பரவியது. 1986-ல் பிரிட்டனில் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளர், ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்களைத் தாக்கிவந்தவன் லண்டனின் கில்பர்ன் பகுதியில் வசிக்கக்கூடும் என்று கணித்தார். காவல்துறையின் நீண்ட பட்டியலில் ஏற்கெனவே இருந்த ஜான் டஃபியின் பெயர் அந்தக் கணிப்பால் மேலே வந்தது.

அதே கேன்டர்தான் 2004-ல் 100 தொடர் கொலைகளை எடுத்து அந்த இரு வகைப்பாட்டைச் சோதித்துப் பார்த்து, அது தரவோடு பொருந்தவில்லை என்று காட்டியவர். பெரும்பாலான காட்சிகள் இரண்டும் கலந்தவையாக இருந்தன. 36 பேரை வைத்துக் கட்டிய அறிவின் பலவீனமும் எளிதில் விளங்கக்கூடியது: அவர்கள் பிடிபட்டவர்கள், பேசச் சம்மதித்தவர்கள், பேசும்போது பொய் சொல்லத் தெரிந்தவர்கள். பிடிபடாதவர்களைப் பற்றியும், பேச மறுத்தவர்களைப் பற்றியும், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் அந்த 36 பேர் எவ்வளவு சொல்ல முடியும்?

தவறான புரொஃபைல் என்ன செய்யும் என்பதற்கு 1992-ல் லண்டன் விம்பிள்டன் திடலில் நடந்த கொலை வழக்கு பாடமாக இருக்கிறது. ஓர் உளவியலாளர் எழுதிய வருணனைக்குப் பொருந்துகிறார் என்று ஒருவரைக் குறிவைத்து, பெண் காவலர் ஒருவரை அவரோடு பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994-ல் நீதிபதி அந்த ஆதாரத்தை ஏற்க மறுத்ததால் வழக்கே விழுந்தது. உண்மையில் கொன்றவன் வேறொருவன், டி.என்.ஏ. சோதனையால் சிக்கி 2008-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கவனம் முழுவதும் குற்றமற்றவர் மேல் இருந்த காலத்தில், 1993-ல், அவன் ஒரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க லண்டன்வரை போக வேண்டியதில்லை. கோவலனைப் பார்க்க வந்த காவலர்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளை நூல் கற்றவனைப்போல அடுக்கி, இவன் அப்படிப்பட்டவன்தான் என்று நம்பவைக்கிறான். காவலர்களின் தயக்கம் தோற்றத்தை நம்பியது. கொல்லனின் வாதம் பொதுவான பட்டியலை நம்பியது. இரண்டிலும் சான்று இல்லை. சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்த ஒற்றைச் சோதனைதான் உண்மையைக் காட்டியது, அதுவும் வெட்டுண்ட பிறகு.

இந்த மண்ணில் அதைவிடப் பெரிய காயம் ஒன்றும் இருக்கிறது. 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே முழுச் சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது; நம் பகுதி மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே இன்றும் சொல்கிறார்கள். ரேகை வைக்க மறுத்த, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புரொஃபைல் ஒரு செயலைப் பற்றியது; சாதியையோ ஊரையோ தெருவையோ குற்றவாளியாக்கும் ஒரு சொல் அதில் வந்தாலும் அது அந்தப் பழைய பதிவேட்டின் தொடர்ச்சியாகிவிடும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை, அவர்கள்தான் மற்றவர்களுக்கு விளக்குவார்கள்.

இனி வேலைவாய்ப்பைப் பற்றி. தமிழ்நாட்டில் 'கிரிமினல் புரொஃபைலர்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பணியிடத்துக்குத் தேர்வு எழுதிச் சேரலாம் என்று எண்ணிப் படிக்கத் தொடங்க வேண்டாம். எஃப்.பி.ஐ.யில்கூட இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் பல ஆண்டுகள் புலனாய்வு முகவர்களாகப் பணியாற்றியவர்களே. மேலும், தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் ஆண்டு அறிக்கைகளில் கொலைக்கான காரணங்களில் தகராறும் தனிப்பட்ட பகையும்தான் முன்னிலையில் வருகின்றன. நம் நாட்டில் பெரும்பாலான கொலைகளில் செய்தவர் யார் என்பதில் மர்மம் குறைவு. முன்பின் தெரியாதவர் செய்யும் தொடர் குற்றங்களில்தான் புரொஃபைல் அதிகம் உதவும், அவை எண்ணிக்கையில் குறைவானவை.

ஆனால் வன்முறை செய்தவர்களை ஆராயும் வேலை என்று பரந்த பொருளில் எடுத்துக்கொண்டால், இங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. சிறைகளில் உளவியலாளர்களும் நன்னடத்தை அலுவலர்களும் பணியாற்றுகிறார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், அவருடைய மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதற்கு உளவியலாளரின் உதவியைப் பெறலாம். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் குற்றவாளியின் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை நீதிமன்றத்தின் முன் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் மனோஜ் வழக்கில் வலியுறுத்தியது. இந்த இரண்டு வேலைக்கும் தேர்ந்தவர்கள் தேவை. ஒரு மனிதரின் உயிரோ ஒரு சிறுவனின் எதிர்காலமோ உங்கள் அறிக்கையைப் பொறுத்திருக்கும் வேலை திரையில் வருவதைவிடக் குறைந்ததா என்ன?

படிப்பைப் பொறுத்தவரை மூன்று பாதைகள் உள்ளன. உளவியலில் இளநிலை, முதுநிலை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெறத்தக்க மருத்துவ உளவியல் பயிற்சி பெறுவது முதலாவது. எனக்கு மிகவும் பிடித்த பாதையும் அதுவே, ஏனெனில் நோயாளிகளோடு அமர்ந்து கேட்டுப் பழகாதவர் கைதியோடு அமர முடியாது. குற்றவியலோ தடய அறிவியலோ படிப்பது இரண்டாவது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. காவல்துறையில் சேர்ந்து புலனாய்வில் வேரூன்றியபின் உளவியல் கற்பது மூன்றாவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கட்டாயமாக்குகிறது. காட்சி ஒழுங்காகப் பதிவானால்தான் நடத்தையைப் படிக்க முடியும் என்பதால், இந்த மாற்றம் மூன்று பாதையில் வருபவர்களுக்கும் உதவும்.

சிறை நேர்காணல் எப்படி நடக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். துறை அனுமதி, ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல், கைதியின் சம்மதம் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். அதன்பின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்புவரை வழக்கு ஆவணங்கள் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எதிரே உட்கார வேண்டும். படிக்காமல் போனால் அவர் சொல்வது எது மெய், எது புனைவு என்று பிரித்தறிய வழியே இல்லை. கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய, சைக்கோபதி எனப்படும், இரக்கமும் குற்ற உணர்ச்சியும் அற்ற ஆளுமையை அளக்க 20 கூறுகளுக்கு 40 வரை மதிப்பெண் இடும் அளவுகோலைப் போன்ற கருவிகளும் கோப்புப் படிப்பை நேர்காணலோடு சேர்த்தே கேட்கின்றன. "உங்களுக்கு விடுதலைக்கு உதவுகிறேன்" என்பது போன்ற வாக்குறுதி எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. உண்மையை ஊசி போட்டு வாங்கிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். நார்கோ சோதனையையோ பொய் கண்டறியும் சோதனையையோ சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்த வேலை செய்பவரின் தூக்கத்தையும் கெடுக்கும். பிரேதப் பரிசோதனைப் படங்களையும் குழந்தைகளின் வாக்குமூலங்களையும் மாதக்கணக்கில் படிப்பவர்களுக்கு எரிச்சலும் அவநம்பிக்கையும் கனவுகளும் வருவது இயல்பு. அதை மனவலிமைக் குறைவு என்று மறைக்காமல், மூத்தவர் ஒருவரிடம் முறையாகப் பேசும் வழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போதுதான் கல்லூரியில் நுழைந்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். குற்ற வழக்குகளின் விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்திலேயே நடக்கிறது. கல்லூரி விடுமுறையில், நீதிமன்றம் நடக்கும் ஒரு நாளில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அனுமதி கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்து, ஒரு கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்வதை முழுவதும் கேளுங்கள். காயத்தின் நீளம், ஆழம், திசை பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதிவாருங்கள். அடுத்த வகுப்பில் நாம் தொடங்க வேண்டியது அந்த நோட்டிலிருந்துதான்.